முதுகு ஈரத் தடுப்புக் குழுவின் இறுதி அறிக்கை

சக்கரத்தைக் கண்டுபிடித்தவர் யாரென்று சரித்திரத்துக்குத் தெரியாது. ஆனால் ஓடுகிற சக்கரத்திடமிருந்து முதுகைக் காப்பாற்ற மூன்று உறுப்பினர்கள், ஒரு செயலாளர், இரண்டு ரப்பர் முத்திரைகள் சகிதம் ஒரு குழுவை அமைத்த முதல் மனிதர் யாரென்று திட்டவட்டமாகத் தெரியும். அளவை முத்திரை அலுவலகத்தின் மேலாளர்தான் அவர். மோட்டார் சைக்கிள் ஓட்டும் மனித குலம் அவரை மறக்கவே முடியாது.

குழுவின் செயலாளர், பதினோரு ஆண்டுகளாக இளநிலையிலேயே பழுத்துப்போன எழுத்தர். அறிக்கை நல்லபடியாக முடிந்தால் கண்காணிப்பாளர் பதவி அவருக்குத்தான் என்று மேலாளர் வாய்விட்டே சொல்லியிருந்தார். கண்காணிப்பாளருக்கு ஜன்னலோர மேசை, கைவைத்த நாற்காலி. எழுத்தருடைய நாற்காலிக்குக் கை கிடையாது. கண்ணயர்ந்தால் பக்கவாட்டில் சரிந்துவிடும் அபாயம் இருந்ததால் அவர் வேலையும் பார்க்க வேண்டியிருந்தது.

ஊரிலுள்ள தராசு, படி, அளவுகோல் எல்லாம் சரியா என்று சோதித்து முத்திரை குத்துவது அந்த அலுவலகத்தின் திருப்பணி. வெயில் காலத்தில் ஒருநாள், வண்டிகள் தாறுமாறாக நிற்பதைக் கண்டு மேலாளர் மனம் வெதும்பினார். கொட்டகையில் சுவரிலிருந்து மிகச் சரியாக இரண்டேகால் மீட்டரில் மஞ்சள் கோடு போட ஆணையிட்டார். நல்ல டேப்புகள் எல்லாம் அன்று சோதனைக்குப் போயிருந்தன. எழுத்தர் அலமாரியைத் திறந்து தலையைச் சொறிந்தார்.

"சார், இங்க இருக்கிறது அந்தத் துணிக்கடையில புடிச்ச டேப்பு மட்டும்தான். அளவு கொறையுதுன்னு நாமதானே பறிமுதல் பண்ணோம்..."

"டேப்புன்னா டேப்புதான்யா. கோடுதானே போடப் போறோம், தங்கமா நிறுக்கப் போறோம்?"

கோடு விழுந்தது. ஒவ்வொரு வண்டியின் பின்புறமும் கோட்டைத் தாண்டி ஒரு சாண் நீட்டிக்கொண்டு நின்றது. அளப்பதையே தொழிலாகக் கொண்ட அலுவலகத்தில் கோடு தப்பாக இருக்க வாய்ப்பில்லை. ஆகவே வண்டிகள் தப்பு. 'நீட்சி நீக்கச் சுற்றறிக்கை' வெளியானது. எதிர்ச்சாரி மெக்கானிக், ஒரே மத்தியானத்தில் இருபத்து மூன்று வண்டிகளின் பின் மட்கார்டையும் ஒரு சாண் அறுத்துத் தள்ளினார். "புது மாடல் மாதிரியே இருக்குண்ணே" என்று ஆறுதலும் சொன்னார். அறுபட்ட துண்டை எழுத்தரின் மனைவி வீணாக்கவில்லை. குப்பை அள்ள அது வாகாக இருந்தது.

பிறகு மழை வந்தது.

இருபத்து மூன்று முதுகுகளிலும் இடுப்பிலிருந்து பிடரி வரை ஒரு பழுப்புக் கோடு. தராசைச் சோதிக்கப் போன ஆய்வாளரிடம் மளிகைக் கடைக்காரர், "சார், முதுகுல கோடு எவ்வளவு நேரா இருக்கு! அளந்து போட்டீங்களா?" என்று பணிவாகக் கேட்டார். மேலாளர் காரில் வருபவர். அவருக்கு இது ஒழுக்கப் பிரச்சினையாகப் பட்டது. குழு பிறந்தது.

முதல் கூட்டத்தில் ஆய்வாளர் ஆழமான கேள்வி ஒன்றை எழுப்பினார். "தண்ணி கீழ இருக்கு. முதுகு மேல இருக்கு. எப்படிங்க ஏறும்?"

"மெதுவா ஓட்டினா ஏறாதுங்க" என்றார் கிடங்குப் பொறுப்பாளர்.

"நேத்து மெதுவாத்தான் ஓட்டினேன். மெதுவா நனைஞ்சேன்" என்றார் ஆய்வாளர்.

இந்த 'ஆய்வு முடிவு' பதிவு செய்யப்பட்டது.

வீட்டில் மனைவி எழுத்தரின் சட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "ஏங்க, இதுக்கு ஒரு குழுவா? இந்தாங்க, இதை எடுத்து மறுபடி மாட்டுங்க." அவள் நீட்டியது குப்பை அள்ளும் மட்கார்டு.

"மெதுவா பேசு! இதை மாட்டினா கோடு தப்புன்னு ஆயிடும். கோடு தப்புன்னா டேப்பு தப்பு. டேப்பு தப்புன்னா..."

"தப்புன்னா?"

"கைவைச்ச நாற்காலி போச்சு."

"அப்ப சரி. கை உங்களுக்கும் இருக்குல்ல? நாளையிலேருந்து நீங்களே துவைங்க."

துவைத்துத் துவைத்து ஞானம் பிறந்தது. 'மேலதிகாரிக்கு எவரும் முதுகு காட்டலாகாது' என்று எழுத்தர் இடைக்காலப் பரிந்துரை எழுதினார். மறுநாள் முதல் மேலாளர் அறையிலிருந்து எல்லோரும் பின்னோக்கி நடந்தே வெளியேறினார்கள். கிடங்குப் பொறுப்பாளர் இரண்டு முறை தண்ணீர்ப் பானையில் மோதினார். மேலாளரோ நெகிழ்ந்துபோனார். "இவ்வளவு மரியாதையா! பாருய்யா, ஒரு முதுகுலயாவது கோடு தெரியுதா?" 'ஈரமற்ற முதுகு: நூறு சதவீதம்' என்று வரைபடம் தயாரானது. தலைமை அலுவலகக் கூட்டத்தில் அதை அவரே விளக்குவார். அங்கேயே எழுத்தரின் பதவி உயர்வும் கையெழுத்தாகும்.

கூட்டத்தன்று மழை விட்டிருந்தது. சாலை முழுக்கத் தண்ணீர். மேலாளரின் கார் இருமிவிட்டு நின்றுபோனது.

"உம்ம வண்டியை எடுய்யா. நேரமாச்சு."

பின்னிருக்கையில் மேலாளர் வெள்ளைச் சட்டையோடு ஏறினார். ஒவ்வொரு பள்ளத்திலும், "என்னய்யா, முதுகுல சில்லுனு இருக்கு?" என்றார்.

"மழைக்காத்து சார்."

இறங்கியதும் எழுத்தர் பழக்கதோஷத்தில் தன் முதுகைத் தடவிப் பார்த்தார். உலர்ந்திருந்தது. மழை தொடங்கியதிலிருந்து முதல் தடவை! அப்புறம்தான் மேலாளரின் முதுகைப் பார்த்தார். ஓடிப்போய் அவரை மறித்தார்.

"சார், மேடையில திரும்பாம பேசுங்க சார்."

"நான் எதுக்குய்யா திரும்பாம பேசணும்? அந்தப் பரிந்துரை உங்களுக்கு."

மேலாளர் மேடை ஏறினார். வரைபடத்தைக் காட்ட, கம்பீரமாகத் திரும்பினார். 'நூறு சதவீதம்' என்ற எழுத்துக்குக் கீழே அந்தப் பழுப்புக் கோடு சபைக்குத் தரிசனம் தந்தது. முதலில் கடைசி வரிசையில் யாரோ தும்முவதுபோல் நடித்துச் சிரித்தார்கள். பிறகு யாரும் நடிக்கவில்லை.

இயக்குநர் மட்டும் சிரிக்கவில்லை. எழுத்தரை மேலே கூப்பிட்டு, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒரே வண்டியிலதானே வந்தீங்க? உங்க முதுகு மட்டும் எப்படிக் காஞ்சிருக்கு?"

எழுத்தரின் கண்ணுக்குள் கைவைத்த நாற்காலி ஒருமுறை வந்து நின்றது. அதன் பின்னாலேயே சோப்பு நுரையோடு பதினேழு சட்டைகள் வந்தன. அவர் கைகட்டி, மிகுந்த மரியாதையோடு, குழுவின் இறுதி அறிக்கையை வாய்மொழியாகச் சமர்ப்பித்தார்:

"பின்னால ஒருத்தரை உட்கார வச்சுக்கிட்டா போதும் சார். தெறிக்கிறதெல்லாம் அவர் மேல போயிடும். இதை நான் கண்டுபிடிக்கல. எங்க மேலாளர்கிட்ட கத்துக்கிட்டதுதான். பின்னால நாங்க இருபத்து மூணு பேர் இருக்கோம். நேத்து வரைக்கும், பதினோரு வருஷமா அவர் சட்டையில ஒரு சொட்டு விழுந்ததில்ல."