அஞ்செங்கே அண்ணனும் பதினாலாவது ஆளும்

பினாங்குக் கரையில் மூட்டை எண்ணிப் பிழைத்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். எண்ணுவதைப் பற்றிக் கவலைப்பட்டே இளைத்துப்போனவர் ஒருவர்தான். அவரை நாங்கள் அஞ்செங்கே அண்ணே என்று கூப்பிட்டோம். சொந்தப் பெயரை அவர் சொன்னதாக ஞாபகம் இல்லை. நானும் கேட்கவில்லை. வாய் திறந்து ஒன்றைக் கேட்பதென்றால் எனக்கு அப்போதும் கூச்சம்தான்.

கப்பலிலிருந்து தோணியில் வரும் அரிசி மூட்டைகளைக் கரையில் நின்று எண்ணுவது எங்கள் வேலை. இரண்டு பேர் தனித்தனியாக எண்ணிச் சீட்டில் குறிக்க வேண்டும். இரண்டு சீட்டும் ஒத்துப்போனால்தான் தோணியை அனுப்புவார்கள். நாலாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்கு அவரை ஜோடியாகப் போட்டார்கள்.

முதல் நாளே, இறங்கிக் கிடந்த ஐந்து மூட்டைகளைப் பார்த்து, "இதுல அஞ்சு எங்கே இருக்கு தம்பி?" என்று கேட்டார். நான் மூட்டைகளைக் காட்டினேன். "அது மூட்டை. நான் அஞ்சைக் கேட்டேன்" என்றார். முதல் மூட்டையில் ஐந்து இல்லை, இரண்டாவதில் இல்லை, தனித்தனியாகப் பார்த்தால் எதிலுமே இல்லை. சேர்த்து வைத்ததும் அது எங்கிருந்து வந்து உட்கார்ந்துகொண்டது என்பது அவருடைய சந்தேகம். கூலியாட்களுக்குத் தலைவரான மண்டோர் உள்ளங்கையை விரித்துக் காட்டி, "அஞ்சு இங்கதான் இருக்கு. கன்னத்துல வேணுமா, முதுகுல வேணுமா?" என்றார். அண்ணன் அதையும் யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

நாகப்பட்டினத்தில் மெட்ரிகுலேஷன் வரை படித்தவராம். கணக்குப் பரீட்சையில் எந்தக் கேள்விக்கும் பதில் எழுதாமல், எண் என்றால் என்ன என்பதை முதலில் தெரிவித்தால் மேற்கொண்டு எழுத வசதியாக இருக்கும் என்று எழுதிவிட்டு, மூன்று மணி நேரம் காத்திருந்தாராம். பதில் வரவில்லை. கப்பலேறிவிட்டார். இங்கே வந்தும் அதையே ஒரு புத்தகமாக எழுதிக்கொண்டிருந்தார். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எட்டாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. ஒன்றை முடித்து இரண்டுக்கு வந்திருந்தார்.

கரையில் எண்ணுகிறவர்கள் ஒன்று என்று சொல்வதில்லை. முதல் மூட்டைக்கு 'லாபம்' என்பார்கள். அப்புறம்தான் ரெண்டு, மூணு. அண்ணன் அதற்கு மறுத்தார். ஒன்றை லாபம் என்று மாற்றலாம் என்றால் இரண்டை நஷ்டம் என்றும் மாற்றலாம், மூட்டை கோபித்துக்கொள்ளாது என்றார். கரையில் நின்று நஷ்டம் என்று சொன்ன வாய்க்காக மூன்று தேங்காய் உடைக்கச் சொன்னார் மண்டோர். "மூணுன்னா என்ன அர்த்தத்துல..." என்று அண்ணன் ஆரம்பித்ததும் நான் அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அவரை வீழ்த்தியவர் ஒருவர் உண்டு. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் ஓரத்தில் தோள்கம்பை இறக்கி வைத்துச் சோறு விற்ற நாசி கண்டார் பாய். அவர் சோற்றின் மேல் மீன் குழம்பை ஊற்றி, அதன் மேல் கோழிக் குழம்பையும் ஊற்றினார். ஒன்றும் ஒன்றும் இரண்டுதானே பாய் என்று அண்ணன் பேச்சுக் கொடுத்தார்.

"ஊத்துற வரைக்கும்தான் ரெண்டு லா. இலையில விழுந்துட்டா ஒரே குழம்பு. சாப்புடுங்க, ஆறுது."

அண்ணன் சாப்பிடவில்லை. மூன்று நாள் வேலைக்கும் வரவில்லை. நாலாம் நாள் தாடியோடு வந்து, இரண்டை மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும் என்றார். கரையே சிரித்தது. கண் உள்ளே போயிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது அவரைத் தின்றுகொண்டிருந்தது.

ஒரு மழைக்கால மாலை, கப்பலில் வேலை முடித்த பதினாலு பேரை ஏற்றி வந்த தோணி கரைக்குக் கொஞ்ச தூரத்தில் காற்றில் கவிழ்ந்தது. ஆட்கள் நீந்தியும் ஒருவரை ஒருவர் இழுத்தும் கரையேறினார்கள். பாதிப் பேர் அன்று காலைதான் பாகான் டாலாமிலிருந்து வந்த புது ஆட்கள். ஒருவன் முகம் இன்னொருவனுக்குத் தெரியாது.

மண்டோர் வரிசையாக உட்காரவைத்துத் தலையைத் தொட்டு எண்ணினார். முதல் தலையில் கை வைத்தவருக்கு லாபம் என்று சொல்ல வாய் வரவில்லை. நனைந்து நடுங்குகிறவனைத் தொட்டுக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? தொண்டையைச் செருமினார். கையை எடுக்காமல், அதே தலையிலேயே "ரெண்டு" என்று தொடங்கினார். கடைசித் தலையில் பதினாலு வந்தது. எல்லாரும் வந்துவிட்டார்கள், வீட்டுக்குப் போங்கள் என்றார்.

"பதிமூணு" என்றார் அண்ணன்.

"இத்தனை வருஷமா எண்ணே இல்லைன்னீங்க. இன்னைக்கு மட்டும் எங்கேருந்துண்ணே வந்துச்சு?" என்றார் மண்டோர். நடுங்கிக்கொண்டிருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள்.

"இருக்கா இல்லையான்னு எனக்கு இன்னும் தெரியல மண்டோர். ஆனா ஒரு ஆள் இருந்தான். அவனைக் காணோம்."

மண்டோர் அசையவில்லை. அண்ணன் என் பக்கம் திரும்பினார். எங்கள் தொழில் விதி அதுதானே. இரண்டாவது ஆளின் கணக்கு வேண்டும்.

"தம்பி, உனக்கு எத்தனை?"

நானும் எண்ணியிருந்தேன். எனக்கும் பதிமூன்றுதான். மண்டோர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை பேர் முன்னால் அவரை மறுத்துப் பேச எனக்கு நாக்கு எழவில்லை. பதினாலு என்றேன்.

அண்ணன் சம்பான் என்னும் சிறு படகை ஓட்டும் சீனர் ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மழைக்குள் போனார். கரையில் ஆறு தோணிகள் சும்மா கட்டிக் கிடந்தன. அரை மணி கழித்துச் சம்பான் திரும்பியது. புது ஆட்களில் ஒருவன் அண்ணன் மடியில் தலை வைத்துக் கிடந்தான். உயிர் இல்லை. கவிழ்ந்த தோணியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மிதந்தானாம். சம்பான் நெருங்கும்போதுதான் கை விட்டுப்போனது என்று சம்பான்காரர் மலாயில் சொன்னார். அவனுக்கு இருபது வயது இருக்கும்.

அன்று நான் வீட்டில் சோறு தொடவில்லை. அண்ணன் எல்லாரிடமும் சொல்லிவிடுவார், மறுநாள் கரையில் தலை காட்ட முடியாது என்று நினைத்தேன். அவர் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலை முதல் தோணி வந்தது. எண்ணி முடித்ததும் தன் சீட்டை நாலாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, "தம்பி, உனக்கு எத்தனை?" என்றார். சொன்னேன். அதையே பதிவேட்டில் எழுதினார்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் வேலை பார்த்தார். நெஞ்சுச் சளி முற்றி, கெப்பாலா பத்தாஸில் உறவுக்காரர் வீட்டுக்குப் போய், அங்கேயே காலமானார். புத்தகம் மூன்றுக்கு வரவில்லை என்று கேள்வி. அந்த இரண்டு வருஷமும் தோணி தவறாமல் என்னைத்தான் கேட்டார், நான் சொன்னதைத்தான் எழுதினார். தன் சீட்டை ஒருநாளும் பிரித்துப் பார்க்கவில்லை.