ஷார்ஜா மாப்பிள்ளை கழற்றிய டர்போ

படக்கென்று ஒரு சத்தம். காஜாவின் கையில் ஸ்பேனர் இருந்தது. ஸ்பேனருக்குள் நட்டு இருந்தது. நட்டோடு சேர்ந்து போல்டின் பாதியும் வந்திருந்தது. மீதிப் பாதி எஞ்சினுக்குள்ளேயே நின்றுகொண்டது.

"யா அல்லாஹ்" என்றான், மெதுவாகத்தான். சத்தம் போட முடியுமா? அது மாமியார் வீட்டு முற்றம்.

காயல்பட்டினத்தில் மாப்பிள்ளைக்கு மனைவி வீட்டில்தான் வாசம். வருஷத்துக்கு நாற்பது நாள் லீவில் வரும் காஜாவுக்கு அங்கே ராஜ மரியாதை. அந்த மரியாதைக்கு அஸ்திவாரம் ஒரே ஒரு பொய். "பையன் ஷார்ஜாவுல பெரிய ஒர்க்‌ஷாப்புல டர்போ ஸ்பெஷலிஸ்ட்" என்று பெண் பேச வந்தவர் அள்ளி விட்டார். காஜாவும் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டான். உண்மையில் அந்த ஒர்க்‌ஷாப் வாசலில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுப்பதுதான் அவன் உத்தியோகம். எஞ்சினுக்குக் காற்றை ஊதிக் கொடுக்கும் அந்த டர்போவை அட்டைப்பெட்டிக்குள் வைத்துத்தான் பார்த்திருக்கிறான்.

நாலு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. இன்று காலை பசியாறும்போது மாமியார் குல்சும் பேச்சை எடுத்தாள்.

"மாமா கார்ல டர்போ போயிட்டு போல மாப்புள. விசில் அடிக்கு. வீட்டுலயே இவ்வளவு பெரிய ஆள வச்சுக்கிட்டு வெளிய குடுத்தா ஊரு சிரிக்காதா?"

மாமனாருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பதினோரு வருஷமாக அந்த டீசல் கார்தான் அவருக்கு மூத்த பிள்ளை. "கழட்டிச் சரி பண்ணிருங்க மாப்புள. நான் பஸ்ஸுல உடன்குடி போயி கருப்பட்டி வாங்கிட்டு அஸர் தொழுகைக்குள்ள வந்துருதேன். வந்ததும் ஓட்டிப் பாத்துருவோம்."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வருமா? சொன்னானா? "இதெல்லாம் ஒரு வேலையா மாமா?" என்றான். வாய்க்கொழுப்பு, வேறென்ன!

இப்போது போல்ட் பாதியாக நிற்கிறது. பதினோரு வருஷம் கடற்கரை உப்புக்காற்று குடித்த இரும்பு, தொட்டால் உடைகிறது. மாமியார் ரோஸ்மில்க் கொண்டுவந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"ஒடைஞ்சிட்டா மாப்புள?"

"இத... ஒடைச்சித்தான் எடுக்கணும் மாமி. ஷார்ஜாவுல இப்படித்தான்."

"அப்பிடியா! அப்ப மத்ததையும் அப்பிடியே எடுத்துருங்க" என்று சிரித்த முகமாகப் போய்விட்டாள்.

காஜா செல்போனில் ஒரு வீடியோவைத் தேடி எடுத்தான். மனைவியின் தங்கை மர்வா, காலேஜில் படிக்கிறவள், போனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஸ்பெஷலிஸ்டுக்கு வீடியோ எதுக்கு மச்சான்?"

"மாடல் வேற, அதான்."

வீடியோக்காரன் ஒரு குழாயைப் பிடுங்கினான். காஜாவும் பிடுங்கினான். எஞ்சினைக் குளிர வைக்கும் பச்சை நிறத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்து முகத்தில் அடித்து, சட்டை முழுக்க நனைத்து, பக்கத்தில் வெயிலுக்கு வைத்திருந்த கருவாட்டின் மேலும் ஓடியது.

"மச்சான்," என்றாள் மர்வா, "அவன் கழட்டுதது பெட்ரோல் வண்டி."

குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, முத்தையாபுரம் மெக்கானிக் வன்னியபெருமாளுக்குப் போன் போட்டான் காஜா. "அண்ணாச்சி, மானம் போவுது. என் கூட்டாளி மாதிரி சும்மா வந்து நில்லுங்க. யாருக்கும் தெரியாம வேலைய முடிச்சுக் குடுங்க."

மனுஷன் சொன்னபடி ஒரு மணி நேரத்தில் பைக்கில் வந்துவிட்டார். ஆனால் வாசலில் மாமியார் அல்லவா நிற்கிறாள்!

"யாரு?"

"மாப்பிள்ளைக்குக் கூட்டாளிம்மா."

"பையில என்ன, ஸ்பேனரா? எங்க மாப்பிள்ளையே டர்போவுக்குப் பேர் போனவரு. நீங்க சர்பத்தக் குடிச்சிட்டுப் போங்க."

பைக் திரும்பிப் போகிற சத்தம் கேட்டபோது பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த காஜாவுக்கு அழுகையே வந்துவிட்டது. போன் அடித்தது, வன்னியபெருமாள்தான். "தம்பி, பிரியாணி வேற பார்சல் கட்டிக் குடுத்துட்டாவ. அதுக்கு மேல எப்பிடி உள்ள வாரது?"

இனி யாரை நம்பி என்ன? மிச்ச நட்டுகளைச் சுத்தியலால் அடித்தான். நாலு வழுக்கின, இரண்டு உடைந்தன. கடைசியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான். டர்போவும், அதைத் தாங்கியிருந்த மேனிஃபோல்டும் ஒன்றாகப் பெயர்ந்து வந்து சிமெண்டுத் தரையில் விழுந்தன. மேனிஃபோல்டு இரண்டாகப் பிளந்தது. டர்போவுக்குள்ளிருந்த காற்றாடி நெளிந்து போயிற்று. எஞ்சினின் ஓரத்திலும் ஒரு துண்டு பெயர்ந்திருந்தது.

சத்தம் கேட்டு மாமியார் ஓடி வந்தாள்.

"இத இனி ஒட்ட முடியாதா மாப்புள?"

"முடியாது மாமி."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"எந்தக் கொம்பன் வந்தாலும் முடியாது மாமி!" காஜா தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

சாயங்காலம் அஸர் பாங்கு சொன்ன நேரத்தில் மாமனார் கருப்பட்டிப் பையோடு உள்ளே வந்தார். காருக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, கையால் தடவிப் பார்த்தார்.

"இது என்ன மாப்புள, ரெண்டா கெடக்கு?"

அதற்கு மேல் காஜாவால் தாங்க முடியவில்லை. "நான் மெக்கானிக்கே இல்ல மாமா. வாசல்ல டோக்கன் குடுக்குத ஆளு. நாலு வருஷமா உங்க எல்லாரையும் ஏமாத்திட்டேன். வண்டி இனி ஓடாது."

மாமனார் உடைந்த துண்டு ஒன்றை எடுத்துத் துடைத்து, பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு, மெல்ல நடந்து பள்ளிவாசலுக்குப் போனார். ஏசியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

"நாளைக்கே டிக்கெட்ட மாத்திட்டுப் போயிருதேன் மாமி" என்றான் காஜா. கண்ணீரும் கிரீஸும் கன்னத்தில் ஒன்றாக வழிந்தன. "இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உங்க மக ஸஹ்லா முன்னால நிப்பேன்?"

குல்சும் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டு, அவனுக்குத் தின்ன இனிப்பு வட்டிலப்பம் எடுத்துவர உள்ளே போனாள். மர்வா அவன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"நீங்க டோக்கன் குடுக்குத ஆளுன்னு நிக்காஹ்வுக்கு முன்னாலயே வாப்பாவத் தவிர எங்க எல்லாருக்கும் தெரியும் மச்சான். வாப்பாவுக்குக் கண்ணு சரியாத் தெரியல, வண்டி ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியும் கேக்க மாட்டேங்காவ. வேல தெரிஞ்சவன்ட்ட குடுத்தா ரெண்டே நாள்ல ஓட விட்டுருவான்னுதான், உம்மா ஆறு மாசமா உங்க லீவுக்குக் காத்துக்கிட்டு இருந்தாவ."