சாம்பல் மணவறை

கட்டுப்பாடு இருந்தால்தான் கலை வளரும் என்று யாராவது மேடையில் தொடங்கினால், நான் மெல்ல எழுந்து வெளியே போய்விடுவேன். அது வளர்ந்து என்ன செய்யும் என்பதை அக்காவின் கலியாணத்தில் பார்த்தவன் நான்.

எழுபதுகளின் தொடக்கம். வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் வராத காலம். திருகோணமலைக் கடைகளில் சிவப்புப் பெயின்ற் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் கப்பலுக்குப் பூசும் சாம்பல் நிறம் மட்டும் எங்கள் வீட்டில் குறையாது. (அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. மிச்சத்தைக் கேட்காதீர்கள்.) மணவறைக்குப் பின்னால் கட்டும் திரைக்குப் படம் நானே கீறுகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். அந்த ஒரு நிறத்தில் தாமரை வராது, மயில் வராது. யோசித்து யோசித்து, மழை இருண்டு வரும் கடலைக் கீறினேன். கோதுமை மாச்சாக்குகளைத் தைத்த திரை முழுக்க அலை. யாருக்கும் காட்டாமல் வைத்திருந்து, கலியாணக் காலையில்தான் ஆணி அடித்தேன்.

அப்பா பார்த்தார். "ஒரு மயிலைக் கீறித் துலைச்சிருக்கலாமேடா."

"சாம்பல் மயில் எங்க அப்பா இருக்கு?"

மாப்பிள்ளை வீட்டார் சல்லி என்ற கடற்கரை ஊரிலிருந்து வந்தார்கள். கடற்றொழில் குடும்பம். மாப்பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும்போதே தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பி வராதவர். எனக்கு அது நன்றாகத் தெரியும். கீறும்போது மட்டும் அந்த நினைப்பு வரவேயில்லை.

மாப்பிள்ளையின் தாய் திரையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"அவர் போன அண்டைக்கு வானம் இப்பிடித்தான் கிடந்தது. இதுக்குக் கீழ என்ர பிள்ளை இருக்கமாட்டான். இண்டைக்குக் கலியாணம் வேண்டாம்."

எனக்கோ, சொல்ல வெட்கமாக இருக்கிறது, உள்ளுக்குள் பெருமை. படம் அவ்வளவு தத்ரூபமாம். அந்த முட்டாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும்.

திரையைக் கழற்ற ஏலாது. நான் அடித்த ஆணிக்குப் பந்தலே சேர்ந்து வந்துவிடும். அதற்குள் மாப்பிள்ளைப் பகுதியில் சிலர் எழுந்துவிட்டார்கள். அம்மா அழத் தொடங்கினார். அக்கா உள்ளேயிருந்து தானே வந்தாள். அலுமாரியில் கிடந்த அம்மாவின் கூறைச் சேலையை எடுத்துத் திரையின் மேல் விரித்துவிட்டுச் சொன்னாள்:

"கடலுக்குப் பயந்தா உங்கட வீட்டில எப்பிடி மாமி இருக்கிறது? நான் வாறன்."

மாமி போய் மகனைக் கூட்டிவந்து மணவறையில் இருத்தினார்.

தாலி ஏறி, ஆட்கள் சாப்பிடப் போனபின், மாமி என்னிடம் வந்தார்.

"தம்பி, அந்தச் சேலையை எடுங்கோ."

எடுத்தேன். பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்னட்ட அவரின்ர படம் ஒண்டும் இல்லை. இதில ஒரு துண்டு வெட்டித் தாறீங்களா?"

சட்டம் போட்ட அந்தச் சாக்குத் துண்டு அவர்கள் வீட்டுச் சுவரில் தொங்கியது. திதிக்குத் திதி அதற்கு மாலை. அக்காவின் பிள்ளைகள் தகப்பனைப் பெற்றவர் எங்கே என்று கேட்டபோதெல்லாம் அத்தான் அதைக் காட்டி, "இதுதான் அப்பப்பா" என்பார். பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரிப்பார்கள். என்னைக் கண்டால் போதும்:

"மாமா, அப்பப்பாவுக்கு முகத்தைக் கீற மறந்திட்டீங்களா?"

இப்போது அவர்களுடைய பிள்ளைகளும் அதையே கேட்கிறார்கள். அத்தான் மட்டும் சிரிப்பதில்லை.

"முகத்துக்கு நிறம் கிடைக்கேல்லையடா" என்பேன்.