ஜிப்பா வெந்த ஞாயிறு

இந்தத் தீபாவளிக்கு லிட்டில் இந்தியா கடைத்தெருப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று முடிவெடுத்தேன். போன வருடம் காடியை ஓட்டியபடி நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போனது. மீதி நாள் பைகளோடு ஒரு துணிக்கடைப் பொம்மைக்குப் பக்கத்தில் நின்றேன். யாரோ ஒரு அம்மா என் சட்டையைத் தடவிப் பார்த்து விலை கேட்டார்.

இந்த வருடம் ஆபத்து குடும்ப வாட்ஸ்அப்பில் வந்தது. என் மச்சினி சாந்தினி தீபாவளிப் படத்துக்குத் தீம் கலர் அறிவித்தாள். மயில் பச்சை. மாற்றி உடுத்தினால் ஓரத்தில் நிற்க வைத்து, பிறகு படத்தைக் கத்தரித்து விடுவார்கள்.

நானா அசருவேன்? என் மனைவி குணவதியிடம் மயில் பச்சைப் பட்டுச் சேலை ஏற்கனவே இருக்கிறது. என்னிடம் சந்தன நிறத்தில் பட்டு ஜிப்பா இருக்கிறது. ஒரு பாக்கெட் சாயம் வாங்கி முக்கினால் அதுவும் மயில்தான். கடைக்குப் போகும் வேலையே இல்லை.

"என்னங்க, பட்டு லா இது. கெட்டுப்போயிடும்."

"பத்து காவான் ஊரு ஃபேக்டரில முப்பது பேர மேய்க்கிறேன். ஒரு ஜிப்பாவ மேய்க்கத் தெரியாதா?"

"சரி, மேய்ங்க."

உடனே ஒத்துக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஞாயிறு பசியாறியதும் பெரிய சட்டியை அடுப்பில் ஏற்றினேன். வெந்நீர், வினிகர், சாயம், ஜிப்பா. குணவதி கைப்பேசியோடு பக்கத்திலேயே நின்றாள். செய்முறை பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

கரண்டியால் ஜிப்பாவைத் தூக்கிக் காட்டினேன்.

"இது நீலம்."

"பச்சை, குணா."

"நீலப் பச்சை. கொஞ்சம் மஞ்சத்தூள் போடுங்க."

போட்டேன். அவள் கைப்பேசியைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள், மறுபடி கைப்பேசியைப் பார்த்தாள்.

"கிளிப் பச்சை ஆயிடுச்சே."

"மயிலு எப்படி கிளியாச்சு?"

"அதான் தேயிலை போடணும்."

"தேயிலையா? பாலும் சீனியும்?"

"பால் வேணாம்."

நான் சாயம் காய்ச்சுகிறேனா, தேத்தண்ணி கலக்குகிறேனா, கறி வைக்கிறேனா என்று எனக்கே விளங்கவில்லை. எதிர்வீட்டு ஹமீதா அக்கா வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"தம்பி, என்ன கொழம்பு?"

"ஜிப்பா, அக்கா."

"நல்லா வேகட்டும்."

திடீரென்று குணவதி அடுப்பை அணைத்தாள்.

"போதும், எடுங்க. இதான். இதுக்கு மேல விட்டா கறுத்துடும்."

வெளியே வந்தது, கூடுதலாக வெந்த முருங்கைக்கீரையின் நிறம். எந்த மயிலும் இதற்குச் சொந்தம் கொண்டாடாது. ஆசை ஆசையாய் வைத்திருந்த ஜிப்பா. கரண்டியோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். குணவதி மட்டும் அதைக் கொடியில் விரித்து, படம் எடுத்து, குடும்ப வாட்ஸ்அப்பிலேயே தங்கைக்குக் குரல் செய்தி அனுப்பினாள்.

"சாந்தினி, உன் அத்தான் அவரே ஜிப்பாவுக்கு சாயம் போட்டாரு. மெஹந்தி கிரீனா வந்துருச்சு. பாவம், மூஞ்ச பாக்க முடியல. தீம மாத்திடலாம் லா."

ஆளுக்கொரு இதயம் அனுப்பினார்கள். தீம் மாறியது. எனக்காக ஒரு குடும்பமே நிறம் மாறுகிறதே என்று மனம் இளகிப்போனது. அப்புறம்தான் ஒன்று உறைத்தது.

"குணா, அப்ப உன் மயில் பச்சைச் சேலை?"

"அத எப்படிங்க கட்டறது? தீம் மாறிடுச்சே."

"மெஹந்தி கிரீன்ல உன்கிட்ட இருக்கா?"

"இல்லையே."

"இந்தக் கீரை கலர்ல எவன் கடையில சேலை வச்சிருப்பான்?"

அவள் கைப்பேசியை ஈர ஜிப்பாவுக்குப் பக்கத்தில் பிடித்தாள். அதில் செய்முறை எதுவும் இல்லை. லிட்டில் இந்தியாவில் ஒரு கடை மேசை, அதன்மேல் விரித்த ஒரு பட்டுச் சேலை. என் ஜிப்பாவின் அதே நிறம். இம்மி பிசகவில்லை.

"சேலை போன வாரமே எடுத்து வைக்கச் சொல்லியாச்சுங்க. உங்க ஜிப்பாதான் லேட்டு. காடிய எடுங்க."