மேலே கண்ணாடி, கீழே வாசகர்கள்

காலை ஏழு மணி பத்து நிமிடம். கண் விழித்ததும் முதலில் தெரிந்தது வானம். ஒத்தக்கடையில் அந்த மாடி வீட்டுக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகியும் படுக்கையிலிருந்து வானத்தைப் பார்த்ததில்லை. ஜன்னலுக்குப் பால்நிறக் கண்ணாடி. ஆடிக் காற்று ஜன்னல் கதவை அறைந்ததில் பாதிக் கண்ணாடி உள்ளே கொட்டிக் கிடந்தது. மீதி பாதி முக்கோணமாகக் கம்பிக்கு வெளியே தெருவின் மேல் ஆடிக்கொண்டிருந்தது. நேர் கீழே பேச்சியம்மாளின் இஸ்திரி வண்டி.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் அப்போது ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியர். வாரந்தோறும் வரும் சட்டக் கேள்வி பதில் பகுதியைச் சுருக்கித் திருத்துவது என் வேலை. சட்டம் படித்தவனல்ல, சட்டத்துக்குக் கமா போட்டவன். (இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்த வயது.) அந்த வாரம்தான் உடைந்த ஜன்னல் பற்றிய ஒரு கேள்வியை அச்சுக்கு அனுப்பியிருந்தேன். தானாக உடைந்தால் பழுதுபார்ப்பது வீட்டு உரிமையாளர். குடியிருப்பவர் கவனக்குறைவால் உடைந்தால் குடியிருப்பவர்.

என் மனைவி செல்வி துடைப்பத்தோடு வந்தாள்.

"தொடாத! தொட்டா நாமதான் உடைச்சோம்னு ஒத்துக்கிட்ட மாதிரி" என்று தடுத்தேன்.

சத்தம் கேட்டுக் கீழ்வீட்டிலிருந்து உரிமையாளர் பெருமாள் அண்ணன் படியேறி வந்தார். எழுமலைக்காரர். ஒப்பந்தப் பத்திரத்தைச் சட்டைப்பையிலேயே கொண்டுவந்திருந்தார்.

"தம்பி, ராத்திரி கொக்கி போட்டீகளா?"

"கொக்கி துருப்பிடிச்சிருக்குன்னு போன மாசமே சொன்னேன்ல அண்ணே."

"சொன்னீக. எழுதிக் குடுத்தீகளா? அப்ப நான் தொட மாட்டேன். தொட்டா எம் பொறுப்புன்னு ஆயிரும்."

ஒருவரையொருவர் மரியாதையோடு பார்த்துக்கொண்டோம்.

கீழேயிருந்து பேச்சியம்மாள் கத்தினாள். "சாரு! கண்ணாடி யாருதா வேணா இருக்கட்டும். அது எம் மண்டைக்கு மேலதான தொங்குது!"

"வண்டிய கொஞ்சம் தள்ளிக்கங்கம்மா."

"சக்கரத்த வித்து மூணு வருசமாச்சு. செங்கல்லு மேல நிக்கிறத எங்கிட்டு தள்ள?"

ஒரு சமரசத்துக்கு வந்தோம்: எச்சரிக்கை அறிவிப்பு. எழுதுவது நான். 'கண்ணாடி, ஜாக்கிரதை' என்று இரண்டு சொல் போதும். ஆனால் நான் பத்திரிகைக்காரன். தலைப்பு போட்டேன். எப்போது, எங்கே, எப்படி என்று முதல் பத்தி. பிறகு உரிமையாளர் தரப்பு, அடுத்து குடியிருப்பவர் தரப்பு. என் தரப்பு இரண்டு வரி அதிகம் என்று பெருமாள் அண்ணன் ஆட்சேபித்ததால் அவருக்கும் இரண்டு வரி சேர்த்தேன். தாள் போதாமல் எழுத்து பொடியாகிவிட்டது. எட்டு ஐந்துக்கு, சரியாக ஜன்னலுக்குக் கீழே, சுவரில் ஒட்டினேன்.

எட்டு இருபதுக்குக் காலேஜ் பஸ்ஸுக்கு நின்றவர்கள் படிக்க வந்தார்கள். பொடி எழுத்து என்பதால் சுவரை ஒட்டி நின்றார்கள். எட்டரைக்குப் பதினொரு பேர். பின்னால் நின்றவர்களுக்காக ஒருவர் உரக்கப் படித்தார்.

"துருப்பிடிச்ச கொக்கிக்கு குடியிருக்கவன் என்னய்யா செய்வான்?"

"துருன்னு தெரியும்ல, அப்ப எம்புட்டு கவனமா இருக்கணும்!"

நான் படியில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். என் எழுத்தை ஒரே நேரத்தில் பதினொரு பேர் படித்து நான் பார்த்ததில்லை. ஒரு சாண் கண்ணாடி அவர்கள் உச்சந்தலைக்கு மேல் ஆடுவது எனக்கு உறைக்கவே இல்லை.

காற்று மறுபடி அடித்தது. விரல் நீளத்துக்கு ஒரு சில்லு உடைந்து, வண்டியில் தேய்த்து மடித்து வைத்திருந்த பெருமாள் அண்ணனின் வெள்ளைச் சட்டை மேல் விழுந்தது. பதினொரு பேரில் ஒருவரும் ஓடவில்லை. எல்லாரும் முகத்தை உயர்த்தி மேலே பார்த்தார்கள்.

"ஏய், ஓடுங்கடா! படிச்சது போதும்!" பேச்சியம்மாள் தண்ணீர்ச் செம்பை வீசி அவர்களை விரட்டினாள்.

மேலே கம்பிக்கு வெளியே ஒரு கை நீண்டது. துண்டு சுற்றிய கை, செல்வியுடையது. இரண்டு இழுப்பு. முக்கோணத்தைச் சாய்த்து உள்ளே வாங்கி முந்தின நாள் பேப்பரில் வைத்து மடித்தாள்.

"அம்புட்டுதானா?" என்று யாரோ வருத்தத்தோடு கேட்டுவிட்டு பஸ் ஏறப் போனார்.

அன்று அலுவலகத்தில், அந்த ஜன்னல் கேள்விக்கு வழக்கறிஞர் எழுதி அனுப்பிய பதிலின் மூலப் பிரதியைத் தேடி எடுத்தேன். கடைசி வரி இது: 'பொறுப்பு யாருடையது என்பதைப் பிறகு பேசலாம், முதலில் ஆபத்தை அகற்றுங்கள், அகற்றுவது தவறை ஒப்புக்கொள்வதாகாது.' ஊறுகாய் விளம்பரத்துக்கு இடம் போதாமல் அந்த வரியை வெட்டியிருந்தேன்.

இன்றைக்கும் பால் பொங்கி வழிந்தால் செல்வி அடுப்பை அணைத்துவிட்டு, "நோட்டீஸ் ஒட்டியாச்சா?" என்றுதான் கேட்பாள். எங்கள் மகளும் கேட்கிறாள்.

அந்தச் சம்பவத்துக்கு அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது பெருமாள் அண்ணன் ஒரு ஷரத்து சேர்த்தார்: கண்ணாடி உடைந்தால் அதை அகற்றுவது குடியிருப்பவரின் மனைவி. செல்வி பேனாவை வாங்கி அதன் கீழே இன்னொன்று எழுதினாள்: அப்போது மற்ற இருவரும் படியைவிட்டு மேலே வரக்கூடாது.

இருவரும் கையெழுத்திட்டோம். சாட்சி, பேச்சியம்மாள்.