அப்டேட் சித்தரும் அரிசிப் பானையும்

தேங்காய்த்திட்டுத் துறைமுகச் சாலையில் இரண்டு நாளாக ஜே ஜே என்று கூட்டம். மீன் ஏலத்துக்கு என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். எல்லோர் கையிலும் கூடைக்குப் பதில் செல்போன். பழைய ஐஸ் கொட்டகையில் அப்டேட் சித்தர் எழுந்தருளியிருக்கிறார்! நோய் தீர்க்கிற சாமி, பேய் ஓட்டுகிற சாமி எல்லாம் பழைய மாடல். இவர் போனைப் பிடித்த சனியை ஓட்டுகிறவர்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால், சுவரில் எழுதியிருக்கும் 'சித்தர் அருள்' என்ற இலவச வைஃபையில் போனை இணைக்க வேண்டும். உடனே திரை ரத்தச் சிவப்பாகும். 'ஆபத்து! உடனே அப்டேட் செய்க!' என்று எழுத்து துடிக்கும். சித்தர் கண்ணை மூடுவார்.

"டவர் வழியா ஏழரை எறங்கியிருக்கு. நீ அமுக்குனா குடும்பம் காலி. நான்தான் அமுக்கணும். அரிசிப் பானைல மூணு நாள் போன் தவம் இருக்கட்டும். தட்சணை ஐநூத்தியொண்ணு."

அரிசி என்றதும் துறைமுகமே தலையாட்டியது. கடலில் விழுந்த போனை அரிசியில் புதைத்துக் காப்பாற்றுகிற ஊராயிற்றே! ஈரத்தை உறிஞ்சுகிற அரிசி சனியை உறிஞ்சாதா? பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்குவதால் சொல்தா என்று பெயரெடுத்த ஹரிகிருஷ்ணன்கூடத் தன் போனைப் பானையில் போட்டுவிட்டுப் பக்தியோடு நின்றார். பாரீசைப் பார்த்த கண்தான் அதுவும்.

மீன்காரி கமலாவை அங்கே இழுத்துக்கொண்டு போனவள் பக்கத்து வீட்டு நிர்மலாதேவி. கமலாவின் போனும் சிவந்தது.

"புருஷன் கடல்லதான இருக்கான்?" என்றார் சித்தர். மீன்கூடையோடு வருகிறவளிடம் இதைச் சொல்ல ஞானதிருஷ்டி வேண்டுமாம்! "சாயந்தரத்துக்குள்ள அரிசியோட வா. இல்லன்னா சனி படகுல ஏறிக்கும்."

கமலாவுக்கு அழுகை முட்டியது. தட்சணைக்காக அல்ல. புருஷன் பக்கிரி கடலுக்குப் போய் எட்டு நாள். திரும்பும்போது டவர் கிடைத்ததும் கூப்பிட்டு, "வந்துட்டேன்டி" என்பான். அந்த ஒரு சொல்லுக்காக எட்டு நாளும் போனை மடியில் கட்டிக்கொண்டு திரிந்தாள். நாளைக் காலை படகு வரவேண்டும். போனைக் கொடுத்தால் அவன் குரல் கேட்காது. கொடுக்காவிட்டால் அவனே வராமல் போய்விட்டால்?

அந்தக் கலக்கத்தோடுதான் முல்லா வீதியில் கூடையை இறக்கினாள். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஸமீஹா ஒரு சங்கரா மீனை எடுத்து, புதுசுதானா என்று வழக்கம்போலச் செவுளைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏன் பாப்பா, நாலு வருசமா மீன் குடுக்குறேன். இன்னும் எம்மேல நம்பிக்கை வரலியா?"

"உங்க மேல இருக்குக்கா. மீன் மேலதான் இல்ல."

வழக்கமாகச் சிரிக்கிற கமலா அன்று அழுதாள். கதையைக் கேட்ட ஸமீஹா போனை வாங்கிப் பார்த்தாள்.

"செவப்பு எங்கக்கா?"

"இங்க வராது. சித்தர் கொட்டகைல மட்டுந்தான் வரும்."

ஸமீஹா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கமலா கூடையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாள்.

"அக்கா, அப்டேட்டுன்னு எது தானா வந்து நின்னாலும் அதைத் தொடாதீங்க. மூடிட்டு, நீங்களே செட்டிங்ஸ் உள்ள போய்ப் பாருங்க. நெசமான அப்டேட்டுன்னா அங்க இருக்கும்."

கமலாவே விரலால் தள்ளித் தள்ளிப் போய்ப் பார்த்தாள். புதிய அப்டேட் எதுவும் இல்லை என்றிருந்தது.

"அப்ப இதான் போனோட செவுளா?"

"அதேதான். அந்தாளு வைஃபைல சேந்தாத்தான செவக்குது? அந்த வைஃபைப் பொட்டியை அணைச்சுப் பாருங்க, தெரிஞ்சிடும்."

சாயங்காலம் கமலா அரிசி இல்லாமல் போனாள். போனை மட்டும் மடியோடு இறுக்கிப் பிடித்திருந்தாள். பயம் அவ்வளவு சுலபமாகப் போய்விடுமா என்ன?

"சாமி, செட்டிங்ஸ்ல பாத்தேன். அப்டேட்டே இல்லியாம்."

"சனி ஒளிஞ்சிருக்கான்! உன் கண்ணுக்கு ஆப்புடுவானா?"

"அதானே!" என்றது கூட்டம்.

கமலா அந்தப் பொட்டியைத் தேடி மேலும் கீழும் பார்த்தாள். சித்தருக்குப் பின்னால் மாட்டியிருந்த படத்துக்கு அடியிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் இறங்கியது. அவர் எழுவதற்குள் போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள். வரிசையில் இருந்த சிவப்பெல்லாம் அணைந்தது.

"ஏ, எனக்குப் போயிடுச்சு!"

"எனக்கும்!"

போனை நீட்டிக்கொண்டு முண்டிய கூட்டத்தில் சித்தர் மாட்டிக்கொள்ள, மறுபடி சொருகினாள். இரண்டு நிமிடத்தில் போன்களெல்லாம் சிவந்தன. மறுபடி பிடுங்கினாள். சனி மறுபடி மலையேறினான்.

"டவர்லேர்ந்து எறங்குற சனிக்கு இங்க பிளக் பாயிண்ட் எதுக்கு சாமி?"

முதலில் அசைந்தவர் சொல்தாதான். தன் பானைக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவினார். அரிசி வந்தது. இன்னும் துழாவினார். இன்னும் அரிசி வந்தது. கூட்டம் தேடியதில், ஊர்ப் போன்கள் முப்பத்தேழும் சித்தரின் கட்டிலுக்கடியில், சாக்கில், பயணத்துக்குத் தயாராகத் தவமிருந்தன.

சித்தர் ஓடினார். வேட்டி தடுக்கி ஐஸ் பெட்டிமேல் விழுந்ததில் சித்தர் ஒரு பக்கம், தாடி ஒரு பக்கம். கொஞ்ச நேரத்தில் நம்மூர்ச் சிவப்புத் தொப்பிப் போலீஸ் வந்தது. அந்தக் கொட்டகை பார்த்த ஒரே நிஜமான சிவப்பு அதுதான்.

மறுநாள் காலை துறைமுகத்தில் நிர்மலாதேவி அலறினாள். "அடியே கமலா, உன் போன்ல மறுபடியும் அப்டேட்டுடி! சாமி சாபம் உட்டுடுச்சு!"

கமலா அதைத் தொடாமல் மூடினாள். தானே செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தாள். அங்கேயும் அது இருந்தது.

"இது நெசம்டி. இருக்கட்டும், இப்ப அமுக்குனா போன் அணைஞ்சிடும், மொதல்ல எம்புருஷன் பேசட்டும்."

மணி ஏழாயிற்று. ஏழரை ஆயிற்று. கமலா போனையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் போன் மணி அடித்தது.

"வந்துட்டேன்டி."

"வா" என்றாள். தேம்பித் தேம்பி அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு அப்டேட்டை அமுக்கினாள். குடும்பம் காலியாகவில்லை.

பத்து ரூபாய் மத்திக்குச் செவுளைப் பிளந்து பார்க்கிற புத்திசாலிகளே! தாடிக்குப் பின்னாலும் ஒரு செவுள் உண்டு. அடுத்த சாமியார் வரும்போது அதையும் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள்.