மச்சான் கதவைத் தட்டும் நேரம்

"உடைக்கலாமா, இல்ல நைசா பேசித் திறக்க வைக்கலாமா?" என்று மச்சான் மோவாயைத் தடவ ஆரம்பித்ததுமே பல் டாக்டரம்மா எழுந்து செருப்பைத் தேடினார்.

அவர் எழுந்ததும் லிஃப்ட் மெக்கானிக் எழுந்தார். மெக்கானிக் எழுந்ததும் கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி டீ ஃபிளாஸ்க்கையும் பிஸ்கட் டப்பாவையும் அள்ளிக்கொண்டாள்.

"எல்லாரும் எங்கே கிளம்பிட்டீங்க?" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

"சும்மா படிக்கட்டுல காத்தாட உட்கார்றோம்," என்றாள் மனைவி. "நீங்க பாட்டுக்கு நடத்துங்க. அவசரமே இல்ல."

மாடி வீடுகளுக்கான படிக்கட்டைப் பார்த்திருந்த பின்கதவு சாத்திக்கொண்டது. அறையில் கடைக்காரரும் மச்சானும் மட்டும் மிச்சம்.

வாரம் முழுக்க அடுத்தவர் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி மாட்டி அனுப்புகிற அந்த மனிதர், ஞாயிறு மதியம் கடையை மூடிவிட்டு, பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில் மேஜை போட்டு ஒரு நகரத்தை நடத்துவார். வாயால் நடத்துகிற நகரம். காலம், எதிர்காலம். மழை நிற்பதே கிடையாது. கம்பெனிகள்தான் அரசாங்கம். மனிதர்களுக்குப் பாதி உடம்பு இரும்பு. கடைக்காரர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி "நான் இதைச் செய்றேன்" என்பார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை முடிவு செய்யும்.

லிஃப்ட் மெக்கானிக், இரும்புக் கை வைத்த அடியாள். டாக்டரம்மா, சத்தம் வராமல் கொலை செய்கிறவர். மனைவி, கள்ளக் கடத்தல் தரகர். பார்சல் ஆபீஸில் வேலை பார்க்கும் மனைவியின் தம்பிதான் ஹேக்கர். கடைக்காரர் அவனை மச்சான் என்று கூப்பிடப்போய், அம்மா வயதுள்ள டாக்டரம்மாவுக்குக்கூட அவன் மச்சானாகிவிட்டான்.

ஹேக்கிங் செய்வதற்கான விதிமுறைகள் கடைக்காரரின் சொந்தச் சரக்கு. விலைக்குக் கிடைக்கும் எந்த ரூல்ஸ் புத்தகமும் அவருக்குத் திருப்தி தரவில்லை. அவர் கணக்குப்படி, ஒரு கம்பெனியின் நெட்வொர்க் என்பது தலைகீழாகப் புதைந்த கட்டடம். ஹேக்கர் தன் மண்டையில் ஒயரைச் சொருகிக்கொண்டு மாடி மாடியாகக் கீழே இறங்க வேண்டும். ஒரு தளத்தில் பாஸ்வேர்டு கேட்கும் கதவு. அடுத்ததில் காவல் புரோகிராம். அதற்கும் கீழே கட்டடத்தின் கேமராக்கள். அடிமட்டத்தில் திருட வந்த ரகசியம். ஒவ்வொன்றுக்கும் பகடையை உருட்டி, விழுந்த எண்ணோடு ஹேக்கரின் திறமையைக் கூட்டி, எதிரியின் எண்ணை முந்த வேண்டும். முந்தாவிட்டால் எச்சரிக்கை அளவு ஏறும். அது ரொம்ப ஏறினால் வேட்டைநாய் என்ற புரோகிராம் வந்து ஹேக்கரின் மூளையையே பொசுக்கிவிடும்.

இதில் ஒரே ஒரு குறை. மச்சான் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும்போது மற்ற மூன்று பாத்திரங்களும் சந்துக்குள் மழையில் துப்பாக்கியோடு நிற்க வேண்டும். நிற்பதுதான் அவர்களுக்கு வேலை. மச்சானோ, தெருவைக் கடக்கவே இரண்டு பக்கமும் இரண்டிரண்டு தடவை பார்க்கிற ஜாதி.

"பேசிப் பார்க்கிறேன் அத்தான்," என்றான் மச்சான் ஒருவழியாக.

"யார்கிட்ட?"

"கதவுகிட்ட."

"என்னன்னு?"

மச்சான் மறுபடி மோவாயைத் தடவினான். அப்போது படிக்கட்டுப் பக்கமிருந்து கொல்லென்று சிரிப்புச் சத்தம் கேட்டது. கடைக்காரருக்குச் சுருக்கென்றது. தான் ராத்தூக்கம் கெட்டு உருவாக்கிய ஆட்டத்தில் உட்காராமல், அதற்கு வெளியே போய் அல்லவா சிரிக்கிறார்கள்!

வெகுநேரம் கழித்து மச்சான் ரகசியத்தை எடுத்துக்கொண்டு மேலே ஏறினான். கடைக்காரர் பின்கதவைத் திறந்து, "முடிஞ்சுது, வாங்க!" என்று குரல் கொடுத்தார்.

"அதுக்குள்ளயா?" என்றார் லிஃப்ட் மெக்கானிக். ஏனோ அவருக்குக் குரல் கம்மியிருந்தது.

நக்கல் என்று எடுத்துக்கொண்டார் கடைக்காரர்.

வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் துலக்கும்போது மெல்ல ஆரம்பித்தார். "மச்சான் ஹேக் பண்றப்போ உங்களுக்கெல்லாம் போரடிக்குதுல்ல?"

"சேச்சே!" என்று பதறினாள் மனைவி. "அருமையா இருக்கு. அந்த ரூல்ஸை மட்டும் தொட்டுராதீங்க. எப்படியிருக்கோ அப்படியே இருக்கட்டும்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அவருடைய எந்தக் காரியத்தையும் இவ்வளவு அவசரமாகப் புகழ்ந்ததில்லை. பரிதாபப்படுகிறாள் என்பது அவருக்கு உறுதியாயிற்று. அன்றே பேனாவை எடுத்தார்.

அடுத்த ஞாயிறு, ஹேக்கிங் என்று மச்சான் வாயெடுத்ததும் டாக்டரம்மா வழக்கம்போல் எழுந்தார்.

"உருட்டு," என்றார் கடைக்காரர்.

"எதுக்கு? இன்னும் கதவே வரலையே."

"கதவு, காவல், கேமரா எல்லாத்துக்கும் சேர்த்து இனிமே ஒரே உருட்டுதான். முந்தினா ஜெயிப்பு. முந்தலைன்னா வேட்டைநாய்."

மச்சான் உருட்டினான். ஒன்று விழுந்தது. ஒரு மூச்சு விடும் நேரத்தில் மூளை பொசுங்கியது. டாக்டரம்மா ஒற்றைச் செருப்போடு நின்றுகொண்டிருந்தார்.

"முடிஞ்சிருச்சு டாக்டர், உட்காருங்க," என்றார் கடைக்காரர் பெருமையாக.

மூன்று முகமும் தொங்கிப்போயின. மச்சானுக்குக் கண் கலங்கியது. "என்ன அத்தான் இது? பொத்திப் பொத்தி வளர்த்த ஆளு. ஒத்தப் பகடையில அனுப்பிட்டீங்களே."

அவனுக்காக டாக்டரம்மா வக்காலத்து வாங்கியதுதான் ஆச்சரியம். "பாவம் சார் அந்தப் புள்ள. நிதானமா இறங்குறவனை இப்படியா தள்ளிவிடுறது? பழையபடியே விட்ருங்க. எங்களைப் பத்திக் கவலைப்படாதீங்க."

"நாங்க படிக்கட்டுல எவ்வளவு நேரம் வேணாலும் உட்காருவோம்," என்றார் மெக்கானிக். "எங்களுக்கு அது பழகிருச்சு."

குத்திக் காட்டுகிறார்கள், என்று நினைத்துக்கொண்டார் கடைக்காரர். மச்சானின் மூளைக்கு ஏற்கெனவே ஒரு நகல் எடுத்து வைக்கப்பட்டிருந்ததாகச் சொல்லி அவனை உயிர்ப்பித்தார். அடுத்த திருத்தத்தை யோசிக்க ஆரம்பித்தார்.

இந்த முறை வந்தது நிஜமாகவே நல்ல யோசனை. ஹேக்கர் நெட்வொர்க்கில் இறங்கும்போதே மற்றவர்களும் கட்டடத்துக்குள் நுழைய வேண்டும். மச்சான் உள்ளே ஒரு காரியம் செய்தால், வெளியே ஆளுக்கொரு காரியம். மறுபடி மச்சான். மறுபடி இவர்கள். யாரும் சும்மா நிற்க வழியில்லை.

"நடுவுல பிரேக் உண்டா?" என்று கேட்டார் மெக்கானிக்.

"பிரேக்கா! இனிமே அந்தப் பேச்சுக்கே இடமில்ல," என்றார் கடைக்காரர், பரிசு கொடுப்பவரைப்போல.

மெக்கானிக் டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா மனைவியைப் பார்த்தார். மனைவி பிஸ்கட் டப்பாவின் மூடியை இறுக மூடினாள்.

ஆட்டம் தொடங்கியது. மச்சான் மூன்று தளம் இறங்கி, நாயை ஏமாற்றி, கேமராக்களைத் தன்வசமாக்கினான். மறுகணமே மெக்கானிக் தன் இரும்புக் கையைத் தூக்கினார். மனமெல்லாம் பின்கதவிலேயே இருந்தது அவருக்கு.

"எதிர்ல என்ன இருக்கு?"

"ஒரு கேமரா."

"சுடறேன்."

"ஐயோ!" என்று எழுந்துவிட்டான் மச்சான். "அது நம்ம கேமரா! நான் இப்பத்தான் உசிரைக் கொடுத்துப் புடிச்சேன்!"

"நம்ம கேமரான்னு அதுல எழுதி ஒட்டியா இருக்கு?"

"நான் சொன்னப்போ எங்கே பார்த்துக்கிட்டிருந்தீங்க?"

"சரி, கேமராவுக்குப் பதிலா உனக்கு ஒரு கதவு திறந்து விடணும், அவ்வளவுதானே? அந்தா, நான் உடைச்சு விடறேன்."

"அதை நான்தான் பூட்டினேன்! அதுக்குப் பின்னாடி காவல்காரங்க நாலு பேரை அடைச்சு வச்சிருக்கேன்!"

கதவு அதற்குள் உடைந்துவிட்டது. காவல்காரர்கள் வெளியே வந்தார்கள். நகரத்தில் நடந்த சண்டையைவிட மேஜையில் நடந்த சண்டை பெரிதாக இருந்தது. மச்சானும் மெக்கானிக்கும் போகும்போது சொல்லிக்கொள்ளாமல் ஆளுக்கொரு திசையில் போனார்கள்.

கடைக்காரர் மனம் தளரவில்லை. ஒருவன் உள்ளேயும் மூன்று பேர் வெளியேயும் இருப்பதால்தானே வம்பு? நாலு பேரையும் உள்ளே இறக்கிவிட்டால்? மறு ஞாயிறு எல்லோருடைய மண்டையிலும் ஒயர் சொருகும் ஓட்டையை இலவசமாகப் போட்டுக் கொடுத்தார்.

"எனக்கு வேணாங்க," என்றாள் மனைவி. "என் ஆளு வெளியிலயே நிக்கட்டும். நின்னா உங்களுக்கென்ன?"

"மழை பெய்யுதே அங்கே."

"நனையட்டும்."

"என் ஆளும் காவலுக்கு நிக்கிறா," என்றார் டாக்டரம்மா. "படிக்கட்டுல."

"இந்தக் கட்டடத்துல படிக்கட்டே கிடையாதே டாக்டர்."

"அப்ப நான் நிக்கிறேன்," என்று எழுந்தவரைக் கைகூப்பி உட்கார வைத்தார் கடைக்காரர்.

நாலு பேரும் இறங்கினார்கள். முதல் கதவிலேயே டாக்டரம்மாவுக்கு ஒன்று விழுந்தது. நாய் பாய்ந்தது.

"என் ஆளு செத்துட்டாளா?" டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது. "நல்லதாப் போச்சு. அப்ப நான் கொஞ்சம் வெளியே…"

"சாக விடுவேனா? கடைசி நொடியில காப்பாத்திட்டேன்!" என்றார் கடைக்காரர்.

அவருடைய தாராளத்தைக் கண்டு மெக்கானிக் நெற்றியில் அடித்துக்கொண்டார். அடுத்த உருட்டில் தானும் சாகப் பார்த்தார். அவரையும் காப்பாற்றினார் கடைக்காரர். மனைவியின் தரகர் வேண்டுமென்றே நாயின் வாயில் கையை விட்டாள். நாய்க்குப் பல் இல்லை என்று அறிவித்தார். யாராலும் தோற்க முடியாத, யாரும் ஜெயிக்க விரும்பாத ஓர் ஆட்டம் அன்று சாயங்காலம்வரை நடந்தது. பிஸ்கட் டப்பா திறக்கப்படவே இல்லை.

வீடு திரும்பும் வழியில் மனைவி பத்தடி முன்னாலேயே நடந்தாள். கடைக்காரர் பின்னால் யோசித்துக்கொண்டே வந்தார். வாரத்தில் ஒரே ஒரு மதியம். அதற்காகத்தான் மற்ற நாளெல்லாம் 'இப்போ தெரியுதா, இப்போ தெரியுதா' என்று கேட்டுக்கொண்டே காலம் தள்ளுகிறார். அந்த நாலு பேர் வராமல் போனால் அவருக்கு அந்த நகரமும் இல்லை, வேறு கூட்டாளியும் இல்லை. நோய் முற்றினால் விரலை வெட்டித்தானே ஆக வேண்டும்?

அடுத்த ஞாயிறு நாலு பேரும் வந்தார்கள், துக்கம் கேட்க வந்தவர்கள் மாதிரி. யாரும் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போடவில்லை. கடைக்காரர் எழுந்து நின்றார்.

"ஹேக்கிங்கையே எடுத்துட்டேன். அடியோட," என்றார். "இந்த நகரத்துல இனிமே கம்ப்யூட்டரே கிடையாது. யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேணாம். ஆரம்பத்துலருந்து கடைசிவரைக்கும் எல்லாரும் இந்த ரூமுக்குள்ளயே, ஒண்ணா, உட்கார்ந்து விளையாடலாம்."

கைதட்டலுக்காக அவர் சற்று இடைவெளி விட்டார்.

"அப்ப நான் யாரு அத்தான்?" என்றான் மச்சான் ஈனசுரத்தில்.

"நான் கிளம்பறேன்," என்றார் மெக்கானிக். "எங்கேயாவது லிஃப்ட் நின்னிருக்கும்."

"எனக்கும் ஒரு கடவாய்ப் பல் இருக்கு," என்றார் டாக்டரம்மா.

"நீயாவது சொல்லேன்," என்று மனைவியைப் பார்த்தார் கடைக்காரர். "என்னதான் வேணும் உங்களுக்கு? நீட்டினா எழுந்து போறீங்க. சுருக்கினா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கறீங்க. எல்லாரையும் சேர்த்தா சாகத் துடிக்கறீங்க. நான் என்ன தப்பு பண்ணினேன்?"

மனைவி மெக்கானிக்கைப் பார்த்தாள். மெக்கானிக் லென்ஸ் மெஷினை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர்போல ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அப்போது பின்கதவை யாரோ தட்டினார்கள்.

"நான் பார்க்கிறேன்!" என்று மனைவி பாய்ந்தாள்.

"திறக்காதீங்க," என்றார் டாக்டரம்மா. "ஏதாவது விக்க வந்திருப்பாங்க."

கண்ணாடிக் கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ஈரத்தைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தானே போய்க் கதவைத் திறந்தார்.

வாசலில் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் அம்மாள் நின்றிருந்தார். கக்கத்தில் ஒரு தலையணை. அவருக்குப் பின்னால், படிக்கட்டு நெடுக, கட்டடத்தில் பாதிப் பேர் படிக்கு இருவராக உட்கார்ந்திருந்தார்கள். சிலர் கையில் டீ. எல்லோரும் கழுத்தை நீட்டி உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க தம்பி," என்றார் அந்த அம்மாள். "லிஃப்ட் மெக்கானிக் இந்தப் படிக்கட்டுல ஒரு ஆட்டம் நடத்துவாரே, அது ஏன் நின்னுபோச்சு? ஒரு அப்பாவிப் பையனைக் குகைக்குள்ள உட்கார வச்சு, ரூல்ஸ் சொல்லிச் சொல்லியே உசிரை எடுக்குதே, அந்தக் கண்ணாடி போட்ட பூதம் — அதுகிட்டருந்து அவனை மீட்டாங்களா, இல்லையா?"